மைக் இல்லாத காலத்து மேல் பஞ்சமம்

பிளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேராஸ், ஆல்ஃபிரெடோ கிராவுஸ் என்று ஸ்பெயின் தந்த ஓபரா பாடகர்கள் எல்லோரும் ‘டெனர்’ ரகம். உச்சத்தில் நின்று முழங்கும் ஆண் குரல் அது. சங்கரன்கோவில் வட்டாரத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், “நம்ம கிட்டப்பாவா?” என்பார்கள். தண்டவாளத்தில் தென்காசியைத் தாண்டினால் வரும் செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர், நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. அன்றைக்கு அது திருவிதாங்கூர் சீமை.

ஒப்பீடு வெறும் ஊர்ப் பெருமை இல்லை. ஆர்மோனியத்தில் நாலு கட்டை சுருதி வைத்து ஓர் ஆண் மேல் பஞ்சமத்தைத் தொட்டால், அது டெனர்கள் உயிரைக் கொடுத்துப் பிடிக்கும் ‘மேல் சி’யேதான். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, கிட்டப்பா அந்த உயரத்தில் சாவகாசமாக உலாவினார் என்பது கேட்டவர்கள் பேச்சு. கத்தினால் மட்டும் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. தேர்ந்த ஓபரா குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை திரளும். வாத்தியங்களின் பலம் அதற்கு வெகு கீழே இருப்பதால் குரல் தனியே கேட்கும்.

உச்சத்துக்கு விலையும் உண்டு. ஹூலியான் கயாரே, ஆடு மேய்த்து, கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்துப் பாட வந்த ஸ்பானியர். 1889 டிசம்பரில் மாட்ரிட் மேடையில் பிசேயின் ‘முத்துக்குளிப்போர்’ பாடும்போது உச்ச சுரத்தில் குரல் உடைந்தது. அடுத்த மாதமே, 45 வயதில், இறந்துபோனார். அவருடைய குரல்வளையை எடுத்துப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் அதிகப்படியான பக்திதான்!

அந்த ஓபராவின் கதை நடக்கும் இடம் இலங்கை. மாட்ரிட்காரர்களுக்கு அது திரையில் எழுதிய கடற்கரை. கிட்டப்பாவுக்கோ, 1926-ல் நாடக நடிகை கே.பி. சுந்தராம்பாளோடு மேடையில் ஜோடி சேர்ந்த சீமை. மறு வருஷம் கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா போனபோது வயது 27. பேசும் படம் வந்து இரண்டு வருஷமாகியும் ஒன்றில்கூட நடிக்கவில்லை. மிஞ்சியவை மூன்று நிமிட இசைத்தட்டுகள். பக்கம் தீரப்போகிறதே என்று ராகத்தை விரட்டிக்கொண்டு பாடியவை.

பெரிய ஓபரா அரங்குகளில் இன்றும் மைக் வைக்காமல் பாடுவதுதான் முறை. நம் பக்கத்துக் கொடை விழாவில் ராஜபார்ட் மேடையேறியதும் முதலில் ரேடியோ செட்காரரைத்தான் தேடுகிறார்: “அண்ணாச்சி, எக்கோவைக் கொஞ்சம் கூட்டுங்க.”