புவிக்காகப் பேசிய தூதர்

ஒரு நாட்டின் கருத்தை மற்றொரு நாட்டிற்கு எடுத்துரைப்பவர் தூதர். புவியின் நிலையை ஆட்சியாளர்களுக்கு எடுத்துரைக்கவும் ஒரு தூதர் தேவை அல்லவா? அப்பணியை மேற்கொண்டவர்களுள் ஒருவர், பிரிட்டனைச் சேர்ந்த கிரிஸ்பின் டிக்கெல்.

அவர் 1930ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். 1954ஆம் ஆண்டு வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

1975ஆம் ஆண்டு, பணியிலிருந்து ஓராண்டு விலகி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. வரலாற்று மாணவரான அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் காலநிலை மாற்றம். அதன் பயனாக 1977இல் ஒரு நூல் வெளிவந்தது. காலநிலை மாறினால் அதன் விளைவு ஒரு நாட்டின் எல்லைக்குள் நிற்காது; ஆகவே நாடுகள் கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. அக்காலத்தில் அரசியல் தலைவர்கள் இதனைப் பெரிதாக எண்ணவில்லை.

1987 முதல் 1990 வரை டிக்கெல் ஐக்கிய நாடுகள் அவையில் பிரிட்டனின் நிரந்தரப் பிரதிநிதியாக விளங்கினார். அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் வேதியியல் பயின்றவர். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் கரியமில வாயு பெருகுகிறது. அது வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. இச்சிக்கலின் தீவிரத்தை டிக்கெல் பிரதமருக்கு உணர்த்தினார். 1988 செப்டம்பர் 27 அன்று, அறிவியலறிஞர்கள் கூடிய இராயல் கழகத்தில் தாட்சர் புவி வெப்பமடைதலைக் குறித்து எச்சரித்துப் பேசினார். ஒரு பெரிய நாட்டின் தலைவர் அவ்வாறு பேசியது உலகின் கவனத்தை ஈர்த்தது.

கடல் உயர்ந்தாலும் நிலம் வறண்டாலும் மக்கள் ஊரை விட்டுப் பெயர நேரும். 1989இல் டிக்கெல் ஆற்றிய உரை ஒன்று, இவ்வாறு இடம்பெயர்வோரைப் பற்றியதே. பிழைப்புக்காக ஊர் மாறுவோர் என்றேனும் திரும்பிச் செல்லலாம். கடலில் மூழ்கிய ஊருக்குத் திரும்புவது எங்ஙனம்?

1990இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. உயிரின வளம் மிகுந்தும் பொருள்வளம் குன்றியும் உள்ள நாடுகளுக்கு உதவும் 'டார்வின் முனைப்பு' என்னும் திட்டத்தின் ஆலோசனைக் குழுவிற்குத் தலைமை ஏற்றார். 2022இல் மறைந்தார்.

அறிஞர் கண்டறிந்த உண்மை, ஆள்வோர் செவியை எட்டினால்தான் செயலாகும். அதற்கு, தமக்குப் புதிதான துறையையும் முயன்று கற்று எடுத்துரைப்போர் வேண்டும். டிக்கெல் அவ்வாறு கற்றார், எடுத்துரைத்தார்.

சொற்பொருள்: எங்ஙனம் – எவ்வாறு, குன்றி – குறைந்து, முனைப்பு – ஊக்கத்துடன் மேற்கொள்ளும் முயற்சி.

சிந்தித்து எழுதுக: உம் ஊரில் யாரிடமேனும் எடுத்துரைக்க வேண்டிய சுற்றுச்சூழல் சிக்கல் ஒன்றனை ஐந்து தொடர்களில் எழுதுக.