பழைய வானொலியின் ரீங்காரத்தில் ஒரு பாடம்

பன்னிரண்டாம் வகுப்பில் அலைதிருத்தி பாடம் நடத்தியபோது மாணவர் ஒருவர், "எங்க தாத்தா ரேடியோவில் பாட்டோட சேர்ந்து 'உம்ம்'னு சத்தம் வருதே, ஏன் சார்?" என்று கேட்டார். மறுவாரம் அந்த வால்வு வானொலி ஆய்வகத்திற்கே வந்துவிட்டது.

நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். முழு அலைதிருத்தி இரு அரைச் சுற்றுகளையும் ஒரே திசைக்குக் கொண்டுவருவதால் நொடிக்கு 100 மேடுகள் தோன்றும். அவற்றை நிரவுவது வடிகட்டி மின்தேக்கியின் வேலை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதிலுள்ள மின்பகுளி உலர்ந்து, மின்தேக்குத் திறன் குறையும். நிரவப்படாத மேடுகளே ஒலிபெருக்கியில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கின்றன.

கோளாறு எங்கே என்றறிய, ஒலியளவுக் குமிழை முற்றிலும் குறைத்துப் பார்க்கலாம். அப்போதும் ரீங்காரம் நீடித்தால் பெரும்பாலும் மின்வழங்கிப் பகுதியிலோ வெளியீட்டு வால்விலோ குறை இருக்கும். மறைந்துவிட்டால் குமிழுக்கு முந்தைய பகுதியில் தேட வேண்டும். அங்கே உள்ளீட்டுக் கம்பியின் உலோக உறை சேசிஸுடன் சரியாக இணையாமல் இருக்கலாம். வால்வு இழைக்குச் செல்லும் இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவைத்தால் அவற்றின் காந்தப்புலங்கள் பெருமளவு நீங்கிவிடும்.

தாத்தாவின் வானொலியில் குமிழைக் குறைத்தும் சத்தம் குறையவில்லை. 32 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்குப் பதில் 220 போட்டால் இன்னும் நல்லது என்று கரும்பலகையில் எழுதினேன். "அவ்வளவு பெரியதை நிரப்ப வால்வு தாங்குமா சார்?" என்றார் அதே மாணவர். விவரத்தாளைப் பார்த்தோம். அதிலிருந்த இ.இசட்.80 திருத்தி வால்வுக்கு 50 மைக்ரோஃபாரட்தான் உச்சவரம்பு. மீறினால் மின்தேக்கியை நிரப்பப் பாயும் உச்ச மின்னோட்டம் வால்வைக் கெடுத்துவிடும். எழுதியதை அழித்துத் திருத்தினேன்.

ஓர் எச்சரிக்கை. இந்த மின்தேக்கிகளில் 250 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டம் தங்கும். மின்மாற்றி இல்லாத சில வானொலிகளில் சேசிஸே மின்சாரத்தோடு நேரடியாக இணைந்திருக்கும். ஆகவே மாணவர்களைத் தொடவிடவில்லை. அனுபவமுள்ள மெக்கானிக்தான் மின்தேக்கியை மாற்றித் தந்தார்.

வகுப்பறைக்கு வேறு வழி உண்டு. முதன்மைச் சுற்று முழுதும் மூடப்பட்ட 6-0-6 வோல்ட் மின்மாற்றி, இரண்டு டையோடுகள் கொண்டு 9 வோல்ட் டிரான்சிஸ்டர் வானொலியை இயக்குங்கள். வெளியீட்டின் குறுக்கே முதலில் 10, பிறகு 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை முனை மாறாமல் இணையுங்கள். ரீங்காரம் அடங்குவதை மாணவர்கள் காதாலேயே அறிவார்கள்.