வயிற்றுப் பிள்ளைக்கு எதற்கு ரத்தச் சோதனை?

புரோத்ராபூரில் என் கடைக்கு வரும் பெண்களிடம் கருவில் செய்யும் மரபணுச் சோதனை பற்றிப் பேச்செடுத்தால், "அது ஆணா பொண்ணான்னு பாக்கிறது, தப்பு" என்பார்கள் சிலர். "நல்லா இருக்கிற வயித்துல போய்க் கெட்டதைத் தேடுவாங்களா?" என்பார்கள் மாமியார்மார். "எழுதிக் கொடுத்தாங்க, எடுத்துட்டேன்" என்று சொல்பவர்களே அதிகம். எதற்கு எடுத்தோம் என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆண், பெண் பார்ப்பதைத்தான். குரோமோசோம் கோளாறு, பரம்பரை ரத்த நோய் முதலியவற்றைப் பார்க்க அதே சட்டம் இடம் தருகிறது.

11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் 'டபுள் மார்க்கர்' சோதனை, தாயின் ரத்தம், வயது, ஸ்கேனில் தெரியும் பிள்ளையின் பின்கழுத்து நீரளவு ஆகியவற்றைச் சேர்த்துப் போடும் கணக்கு. டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 200க்கு 1 என்று வந்தால் 'ஹை ரிஸ்க்' என்று அச்சடித்துத் தருவார்கள். அதைப் பார்த்ததும் வீடே இழவு வீடாகிவிடுகிறது. வியாபாரி கணக்காகச் சொல்கிறேன்: அப்படி ரிப்போர்ட் வாங்கிய 200 தாய்மாரில் 199 பேருடைய பிள்ளைக்கு அந்தக் கோளாறு இல்லை. உறுதியாக அறிய 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பது போன்ற சோதனை வேண்டும்.

"நாங்க சொந்தத்துல கட்டலையே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமில்லை. தாயின் வயதுக்குத்தான் சம்பந்தம். சொந்தத்தில் கட்டினால் கூடுவது தலசீமியா போன்றவை. அவை டபுள் மார்க்கரில் தெரியாது. தாய்க்குத் தனி ரத்தச் சோதனை உண்டு. அதில் அவள் கேரியர் என்று தெரிந்தால் உடனே கணவருக்கும் பார்க்க வேண்டும். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஆண்கள் நழுவுகிறார்கள். கேரியர் கல்லு மாதிரிதான் இருப்பார்!

வெளியே கட்டியவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வங்காளிகளிடையே ஹீமோகுளோபின் ஈ என்ற மாற்றம் உண்டு. அது ஒரு பக்கமும் நம் பக்கத் தலசீமியா மறுபக்கமும் சேர்ந்தாலும் பிள்ளைக்குக் கடும் ரத்தசோகை வரலாம். அரிவாள் செல் மாற்றத்தை இந்தியாவில் முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டார்கள். ஆகவே இதெல்லாம் வடக்கத்திக்காரர் சங்கதி என்றும் ஒதுக்க முடியாது.

சமணனாகிய என்னிடம், "அகிம்சை பேசுகிற நீங்க இதைச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்கள். அறிவது வேறு, கலைப்பது வேறு. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால், கடல் தாண்ட வேண்டிய நாம் பிரசவத்தையே சென்னையில் வைத்துக்கொள்ளலாம்.

பனிக்குட நீர் எடுக்குமுன் தாய்க்குப் பக்கவிளைவு, பின்விளைவு இரண்டையும் விளக்கி, அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் சம்மதம் பெற்று, நகலும் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். மாமியார் சம்மதமோ கணவர் சம்மதமோ அதற்கு ஈடாகாது. இந்தியிலோ இங்கிலீஷிலோ படிவம் நீட்டினால், தமிழில் கேளுங்கள்.