இல்லமா, காப்பகமா?

'எங்கள் காலத்திற்குப் பின் இக்குழந்தையை யார் காப்பார்?' அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோரை வாட்டும் வினா இது. காப்பகமே இதற்கு விடை என மேலைநாடுகள் நெடுங்காலம் நம்பின.

அந்நம்பிக்கை பொய்த்த இடங்களுள் ஒன்று, நியூயார்க் நகரில் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வில்லோபுரூக் விடுதி. 4,000 பேருக்கென அமைந்த அங்கு, 1960களில் 6,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தனர். உண்பதும் உடுப்பதும் இக்குழந்தைகளுக்கு நாள்தோறும் பொறுமையுடன் கற்பிக்க வேண்டியவை. பணியாளர் சிலராக இருந்ததால் அதற்கு நேரமில்லாது போயிற்று. 1972இல் தொலைக்காட்சி அவ்வவலத்தை வெளிப்படுத்தியது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1987இல் விடுதி மூடப்பட்டது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்கிறது; குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் ஆணையிட்டாலன்றிப் பிரிக்க இயலாது. பெற்றோரால் இயலாதபோது நெருங்கிய உறவினர், அடுத்துச் சமூகத்தில் குடும்பச் சூழல், அரிதாகவே காப்பகம் என்பது சட்டம் கூறும் வரிசை.

எனினும், வீட்டுப் பராமரிப்பு என்பது தாய் ஒருத்தியின் தோளில் முழுச்சுமையையும் ஏற்றுவதன்று. பகல்நேரச் சிறப்புப் பள்ளி, பேச்சுப் பயிற்சி, பராமரிப்பு உதவித்தொகை ஆகியவை துணைநிற்றல் வேண்டும். பதினெட்டு வயதுக்குப்பின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 வழிசெய்கிறது. பெற்றோரின் வினாவுக்குச் சுவர்கள் விடையாகா. அவர்தம் வீட்டைத் தனித்து விடாத சமூகமே விடையாகும்.