பழைய பெயின்டைச் சுரண்டும் முன்: ரலிக் கார்களும் உங்கள் உரிமைகளும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், நாம் உவர்மலை என்று சொல்லும் அந்த மேட்டில், கார்க் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் மொரிஸ் மைனரோ பேஜோ 404ஓ வொக்ஸ்வேகன் பீட்டிலோ உங்கள் வீட்டில் இருந்தால், அதைத் தேடி ஆள் வரக்கூடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. வெறும் பழைய கார் என்றால் ஒரு விலை. "அந்தக் காலத்தில் ரலி ஓடின கார், ஒரிஜினல் பெயின்ட்" என்று சொன்னால் இன்னொரு விலை. அந்த இரண்டாவது விலையைக் கொடுப்பவர் உண்மையில் எதை வாங்குகிறார், அது பொய்யானால் எங்கே போய்க் கேட்கலாம், சொந்தக் காரைத் திருத்தக் கொடுப்பவர் எதை இழக்க நேரும் என்பவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ரலிக் காரின் அடிநிறம், கோடுகள், கதவில் எழுதிய போட்டி இலக்கம், அனுசரணை நிறுவனங்களின் சின்னங்கள், ஓட்டுநர் பெயர் எல்லாம் சேர்ந்ததை லிவரி என்பார்கள். இங்கே அதை வண்ணக்கோலம் என்று எழுதுகிறேன். 1964இல் மொன்டி கார்லோ ரலியை வென்ற பாடி ஹொப்கேர்க்கின் மினி கூப்பர் சிவப்பு உடலும் வெள்ளைக் கூரையும் கொண்டது. கதவில் 37 என்ற இலக்கம், பதிவு எண் 33 ஈ.ஜே.பி. அந்தக் கார் இன்று இங்கிலாந்தின் கெய்டன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆனால் அதே சிவப்பும் வெள்ளையும் 37உம் பூசிய மினிகள் உலகெங்கும் ஓடுகின்றன. பூசுவதில் பிழையில்லை. அதைக் காட்டி, "தொழிற்சாலை அணியின் கார்" என்று விற்பதுதான் பிழை.

நமக்கு நெருக்கமானது கிழக்காபிரிக்க சபாரி ரலி. கென்யாவில் பிறந்த சீக்கியர் ஜோகிந்தர் சிங் அதை 1965இல் வொல்வோவிலும், 1974இலும் 1976இலும் மிட்சுபிசி லான்சரிலும் வென்றார். உகண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா ஐந்து முறை வென்றார். வொக்ஸ்வேகன் பீட்டில் 1954, 1957, 1962 ஆகிய ஆண்டுகளிலும், பேஜோ 404 1963, 1966, 1967, 1968 ஆகிய ஆண்டுகளிலும் முதலாவதாக வந்தன. இவையெல்லாம் நம் வீதிகளில் ஓடிய கார் வகைகள். அக்காலத்துச் சபாரிக் கார்களில் பல, கடையில் விற்ற காரிலிருந்து அதிகம் மாறாதவை: வெற்று நிறம், கதவில் இலக்கம், முன்னால் மேலதிக விளக்குகள், நாலைந்து ஸ்டிக்கர்கள். அதனால்தான் போலி செய்வது இத்தனை சுலபமாக இருக்கிறது. ஒரு நல்ல பெயின்ட் பாஸும் ஒரு ஸ்டிக்கர்க் கடையும் போதும்.

சிக்கல் அங்கே முடிவதில்லை. நல்லெண்ணத்தோடு திருத்தும்போதும் எது அசல் என்ற கேள்வி வரும். ஒரு ரலிக் கார் ஓர் ஆண்டில் ஓர் அணிக்காக ஒரு நிறத்தில் ஓடும். பிறகு தனியாருக்கு விற்கப்பட்டு, வேறு நிறத்தில், வேறு அனுசரணையில் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். விபத்தில் உடல் நசுங்கினால் அணிகளே புதிய உடலை வைத்து, பழைய இலக்கத் தகட்டைப் பொருத்தி அனுப்பியதும் உண்டு. அப்படியானால் எந்த நாளின் கோலத்தைத் திரும்பப் பூசுவது?

இதற்கு நெருங்கிய கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அது ரலிக் கார் அல்ல, பந்தயக் கார். 1929இலும் 1930இலும் லே மான் 24 மணிநேரப் போட்டியை வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் வன்'. அதன் உரிமையாளர் அதைச் சுமார் ஒரு கோடி பவுணுக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டார். பிறகு, இது உண்மையிலேயே அந்தக் கார்தானா என்று தகராறு எழுந்தது. லே மானில் ஓடிய உலோகத்தில் மிகக் கொஞ்சமே அதில் மிஞ்சியிருந்தது. அடிச்சட்டமும் இயந்திரமும் உடலும் வெவ்வேறு காலத்தில் மாறியிருந்தன. நீதிபதி ஒட்டன் சாட்சிகளைக் கேட்டு முடித்து, மாற்றங்கள் படிப்படியாக, அதன் பந்தய வாழ்வின் தொடர்ச்சியில் நடந்தவை, எந்தக் கட்டத்திலும் அந்தக் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். அதை உண்மையான 'ஓல்ட் நம்பர் வன்' என்று ஏற்றுக்கொண்டவர், 'ஒரிஜினல்' என்ற சொல்லை மட்டும் அதற்குக் கொடுக்க மறுத்தார்.

வாங்குபவர் எல்லோரும் இந்தத் தீர்ப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும். தொடர்ச்சி வேறு, அசல் பொருள் வேறு. தொடர்ச்சியை நிறுவ ஆவணம் வேண்டும், அசல் பொருளை நிறுவ அந்த இரும்பும் பெயின்டும் வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறம் மட்டும் இருந்தால் அது நகல். அழகான நகலுக்கும் மதிப்புண்டு, ஆனால் நகலின் விலையில்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "நீங்கள் ஒரிஜினல் என்று சொல்வது எதை? பெயின்டையா, உடலையா, வரலாற்றையா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் அந்த இரண்டாவது விலையைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, நீங்களே பார்க்கக்கூடியவை பல உண்டு. டாஷ்போர்டுக்குக் கீழே, கதவுப் படியின் ரப்பருக்கு உள்ளே, பொனட்டின் கீல் அடியில், பின் இலக்கத் தகட்டுக்குப் பின்னால் பாருங்கள். அங்கெல்லாம் ஸ்ப்ரே துப்பாக்கி முழுதாக எட்டியிருக்காது. பழைய நிறம் ஒளிந்திருக்கும். மேலதிக விளக்குகளுக்கும் பாதுகாப்புக் கூண்டுக்கும் துளைத்த ஓட்டைகள், அவற்றைப் பின்னால் அடைத்த வெல்டிங் தடம் ஆகியன இருக்கின்றனவா? ரலி ஓடிய காரின் அடிப்பகுதி கல்லடி படாமல் இருக்காது. செசி நம்பர் பொறித்த இடத்தைச் சுற்றி வெட்டி ஒட்டிய அடையாளம் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புகைப்படத்தைக் காட்டினால் இலக்கத் தகட்டைப் பாருங்கள். சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இன் தொடக்கத்தில்தான் நம் வாகனங்களுக்கு வந்தது. அதற்கெதிராக வடக்கிலும் கிழக்கிலும் நடந்த போராட்டம் நம் வீடுகளில் இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு முன் பதிவானவற்றில் சீ.ஈ., சீ.எல்., ஈ.எல்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. "1955இல் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் எடுத்த படம்" என்று தரும் படத்தில் ஸ்ரீ இருந்தால், அந்த ஆண்டு பொய். நுவரெலியாவின் அந்தப் போட்டி 1934இலேயே தொடங்கியது. பழைய நிகழ்ச்சி நிரல்களும் பத்திரிகைப் படங்களும் எங்காவது எஞ்சியிருக்கும். தேடினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெளிநாட்டுச் சான்றிதழ்களைக் காட்டினாலும் நிதானம் வேண்டும். உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. தரும் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு, அந்தக் கார் அதன் காலத்து விதிகளுக்கு ஏற்ற அமைப்பில் இருக்கிறது என்பதையே சொல்கிறது. இன்ன போட்டியை வென்ற அதே கார் என்று அது உறுதி தருவதில்லை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் அடையாள அட்டையும் விற்பனைக்கான வரலாற்றுச் சான்று அல்ல.

இனி, கார் உங்களுடையது, திருத்தக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம்தான். போலியை வாங்கியவர் பணத்தை இழக்கிறார். அசல் பெயின்டைச் சுரண்டிய கராஜ் அழித்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. உவர்மலையின் கடற்காற்றுக்குத் துரு ஏறுவது இயல்பு. டிங்கர் பாஸ் வந்து பார்த்ததும், "முழுக்க உரிச்சுப் போட்டுப் பட்டி பூசி அடிப்போம் ஐயா" என்பார். அவர் நோக்கம் நல்லதுதான், வேலை நீடிக்க வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் அந்தப் பெயின்டுக்குக் கீழே அப்பாவோ மாமாவோ கையால் எழுதிய ஒரு போட்டி இலக்கத்தின் நிழல் இருந்தால், அரை நாளில் அது தூசியாகிவிடும். 2013இல் ஃபிவா ஏற்றுக்கொண்ட துரின் சாசனமும் இதைத்தான் வற்புறுத்துகிறது: முதலில் காப்பது, முடியாத இடத்தில் மட்டும் திருத்துவது, செய்ததையெல்லாம் பதிவு செய்வது.

எனவே கராஜுக்கு அனுப்பும் முன் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். கோடுகளின் அகலத்தையும் இலக்கத்தின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று காரிலேயே டேப் ஒட்டிக் காட்டுங்கள். அசல் நிறத்தில் ஒரு கையளவுப் பகுதியாவது மூடாமல் விடச் சொல்லுங்கள். கழற்றிய எதையும், உடைந்த பட்ஜாக இருந்தாலும், உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பெயின்ட் போகாமலிருக்க ஸ்டிக்கர் ஒட்டலாம் என்பாரும் உண்டு. பழைய பெயின்டில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பின்னால் உரித்தால் பெயின்டும் சேர்ந்து வரும், கவனம்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாக உரசும் தூசி வேலை செய்பவரின் நெஞ்சுக்குள் போகும், வீட்டு முற்றத்தில் உரசினால் பிள்ளைகளுக்கும் போகும். இன்றைய டூ-பேக் பெயின்டிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பு ஆகாது.

வண்ணக்கோலத்தின் அசலுக்கும் நாட்டின் சட்டத்துக்கும் நேராக மோதல் வரும் ஓரிடம் உண்டு. அரி வட்டனன் 1981இல் உலக வெற்றிவீரரான ஃபோர்ட் எஸ்கோர்ட்டில் இருந்தது ரொத்மன்ஸ் சிகரெட்டின் பெயர். சுபாருவின் நீல நிறத்தில் மஞ்சளில் எழுதிய 555உம் சிகரெட். லான்சியாவின் மார்ட்டினி கோடுகள் மதுபானத்துடையவை. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் இவற்றின் விளம்பரத்தைத் தடை செய்கிறது. பழைய கார்தானே என்ற நம்பிக்கையில் அந்தப் பெயர்களோடு கண்காட்சிக்கோ பாடசாலை விழாவுக்கோ போகாதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். பெயரை எடுத்துவிட்டால் அசல் கெட்டுவிடும் என்று வாதிடுவோர் ஒன்றை நினைக்க வேண்டும்: சிகரெட் விளம்பரத்துக்குத் தடை இருந்த நாடுகளில் அணிகளே பெயரை நீக்கிவிட்டு, நிறத்தையும் கோடுகளையும் வைத்து ஓடியிருக்கின்றன. அந்தக் கோலமும் வரலாற்றுக்கு உண்மையானதே. பிள்ளைகள் கூடும் இடத்தில் அதுதான் சரி என்பது என் முடிவு. நிறுவனச் சின்னங்களை அச்சிட்டு விற்கும் ஸ்டிக்கர்க் கடைக்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வணிகக் குறிப் பிரச்சினையும் வரலாம்.

காரின் நிறம் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். அடிநிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும்; காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். வாங்கும் முன் திணைக்களத்தில் பதிவு விபரச் சாற்றைப் பெற்று, செசி நம்பரையும் இயந்திர நம்பரையும் ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு: இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, பெரிதாக மாற்றப்படாமல் இருக்கும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற தனி எழுத்தோடு விண்டேஜ் பதிவு உண்டு.

ஏமாந்துவிட்டால்? விற்றவர் வியாபாரி என்றால், அல்லது திருத்தியது கராஜ் என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்களுக்குத் துணை. தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விபரம் சொல்லி விற்பதையும் அது தடை செய்கிறது. சேவை தருபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. விற்றவர் பக்கத்து வீட்டுக்காரர் போன்ற தனிநபர் என்றால், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்: விபரித்து விற்ற பொருள் அந்த விபரத்துக்குப் பொருந்த வேண்டும். நீங்கள் எழுதி வாங்கிய அந்த ஒரு வரி இங்கேதான் உதவும். எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு ஆண்டுகள் உண்டு, வாய்ப்பேச்சுக்கு மூன்றே ஆண்டுகள். குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த தகராறுகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். ஒரே ஊரில் முகம் பார்த்து வாழ்பவர்களுக்கு அது நல்ல வழியும்கூட. போலி ஆவணம், மாற்றிய செசி நம்பர் என்றால் தாமதிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள். தண்டனைச் சட்டக்கோவையில் வஞ்சித்தல் குற்றம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுப்பது உங்கள் உரிமை, யாரிடமும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரும்படி கெஞ்ச வேண்டியதில்லை.

காலத்தை மட்டும் தவறவிடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு விற்பனை நடந்த அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். காரை வாங்கி, தார்ப்பாயால் மூடி, தைப்பொங்கலுக்குப் பார்ப்போம் என்று விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். வந்த வாரத்திலேயே ஆராயுங்கள். சந்தேகம் வந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.