வீடு வரும் முன்னே சுற்றாடல் அறிக்கையை நாமும் பார்ப்போம்

நம் தோட்டங்களில் இப்போது எங்கே போனாலும் வீட்டுப் பேச்சுதான். இந்திய உதவியில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000 வீடுகள், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் வீடிழந்தவர்களுக்குத் தேவைப்படும் வீடுகள் என்று கணக்கு நீளுகிறது. தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் கிடந்த நமக்கு வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்? நாங்களும் சொல்லவில்லை.

ஆனால் வீடு எந்த இடத்தில் வருகிறது, அந்த மண் தாங்குமா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், குடிதண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. "அதையெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்று இருந்துவிடக் கூடாது. நாமும் பார்க்க வேண்டும் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் என்ன?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. பெரிய திட்டங்களைத் தொடங்கும் முன் அவற்றால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மக்களுக்கும் என்ன நேரும் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தில் வந்தது. இதைத்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்கிறோம்.

அறிக்கையில் முக்கியமாக நான்கு விடயங்கள் இருக்க வேண்டும். திட்டம் என்ன என்ற விபரம். தவிர்க்கக்கூடிய கேடுகளும் தவிர்க்க முடியாத கேடுகளும். கேடு குறைந்த வேறு வழிகள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன என்ற காரணம். ஒருமுறை போனால் திரும்ப வராத வளங்கள் எவை என்ற விபரம்.

இதில் மூன்றாவதை நன்றாகக் கவனியுங்கள். "இந்த மலையில்தான் வீடு, வேறு இடம் இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. வேறு இடம் பார்த்தார்களா, அது ஏன் சரிவரவில்லை என்று அறிக்கை சொல்ல வேண்டும்.

எந்த வீட்டுத் திட்டத்துக்கு இது தேவை?

1993 ஜூன் மாத வர்த்தமானியில் ஒரு பட்டியல் வந்தது. அதன்படி 1,000 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் இதற்குள் அடங்கும். தோட்டத்துத் திட்டங்கள் ஐம்பது, நூறு, இருநூறு வீடுகள் என்று பிரிந்து வருவதால் இந்தக் கணக்குக்குள் பெரும்பாலும் வராது. அதோடு விட்டுவிட வேண்டாம். 50 ஹெக்டயாருக்கு மேல் காணி துப்புரவாக்குவது, 1 ஹெக்டயாருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 100 குடும்பங்களுக்கு மேல் அவர்கள் விருப்பம் இல்லாமல் இடம் மாற்றுவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளோ வீட்டுத் திட்டம் வந்தாலும், மண் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மண் அரிக்கும் பகுதி என்று பிரகடனம் செய்த இடத்தில் வந்தாலும், வீட்டின் எண்ணிக்கை எவ்வளவு என்ற பேச்சு கிடையாது. சிறிய திட்டமும் இந்த நடைமுறைக்கு உட்பட வேண்டும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். அவசர நிலைமையில் செய்யும் மீள்குடியேற்றம் அந்த 100 குடும்பக் கணக்கில் சேராது. புயலுக்குப் பின் ஆட்களை உடனே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக இது தேவைதான். அதனாலேயே அவசரத்தில் தெரிவு செய்கிற இடத்தை நாம் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் வந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. ஒரு சரிவிலிருந்து தப்பியவர்களை இன்னொரு சரிவில் குடிவைக்கக் கூடாது. அறிக்கை தேவைப்படாத இடத்திலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் காணியைப் பார்த்து என்ன சொன்னது என்று கேளுங்கள். வாய்ப் பேச்சாக வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

30 நாள்தான் தவணை

அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அறிவித்தல் போட வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் அறிக்கையைப் பார்த்து, கருத்தை எழுதி அனுப்பலாம். அறிக்கையை எங்கே பார்க்கலாம் என்பது அறிவித்தலிலேயே இருக்கும். பொதுமக்கள் நலனுக்குத் தேவை என்று கண்டால், திட்டத்தை அங்கீகரிக்கும் நிறுவனம் பகிரங்க விசாரணையும் வைக்கலாம். நாம் எழுதியதைத் திட்டத்தைக் கொண்டுவருபவருக்கு அனுப்புவார்கள், அவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தீர்ப்பு. நிபந்தனையோடு அனுமதி கொடுக்கலாம், காரணம் காட்டி மறுக்கவும் செய்யலாம்.

30 நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். வேலைக்குப் போய் வந்து பத்திரிகை பார்க்க நமக்கு நேரம் ஏது? ஆகவே தோட்டத்துக்கு ஒரு படித்த பிள்ளையை இதற்கென்று பொறுப்பாக வையுங்கள்.

அறிக்கையில் எதைப் பார்ப்பது?

பெரிய பெரிய சொற்களைக் கண்டு மலைக்க வேண்டாம். அந்த மலையை அறிக்கை எழுதியவரை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்று அறிக்கையில் குறிக்கப்பட்டிருக்கிறதா? மலக்குழிகள் அந்த ஊற்றுக்கு மேலே வருகின்றனவா, கீழே வருகின்றனவா? பழைய கான்களை மூடினால் மழைத் தண்ணீர் எங்கே திரும்பும்? மண்ணை வெட்டிச் சமப்படுத்தும் இடத்துக்குக் கீழே எத்தனை லயம் இருக்கிறது? முன்பு நிலம் வெடித்த இடம், மரம் சாய்ந்து நிற்கும் இடம், மழைக்காலத்தில் புதிதாகத் தண்ணீர் கசியும் இடம் எல்லாம் அதில் உண்டா? பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாதை உண்டா? கொழுந்து பறிக்கும் மலை குறைந்தால் வேலை நாள் குறையுமா?

எழுதும்போது "இந்தத் திட்டம் சரியில்லை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அறிக்கையின் எந்தப் பக்கம், அதில் என்ன சொல்லியிருக்கிறது, உண்மையில் என்ன இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். பலர் கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்வது அவர் கடமை.

நேரத்தோடு பேச வேண்டும்

தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழக்கில் 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கீகரித்த பாதையை மாற்றியபோது புதிதாகக் காணி இழக்கப் போகிறவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. அவர்களுக்கு நட்டஈடு கொடுக்கவும் சொன்னது. ஆனால் பாதை பாதைதான், அது திரும்பி வரவில்லை. நியாயம் கிடைத்தது, காணி போய்விட்டது.

நமக்கும் அதுதான் பாடம். அத்திவாரம் போட்ட பிறகு சண்டை பிடிப்பதை விட, காகிதத்தில் கோடு போடும்போதே வாய் திறப்பது நல்லது. உங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு இடம் அளக்க வந்தால், அன்றைக்கே மாதர் சங்கமும் இளைஞர்களும் தலைவர்மாரும் ஒன்றாக உட்கார்ந்து, மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த வீட்டில் மழை ராத்திரியில் படுத்துத் தூங்கப் போவது நம் பிள்ளைகள்தான்.