அடிக்குறிப்பு இடம் மாறும்போது

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டும் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய நடக்கிறது. அந்தத் துறைக்குப் பிழைதிருத்துபவளாக வந்து, இப்போது ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். "ஆபீஸ்ல என்னக்கா வேலை?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டபோது, "அடிக்குறிப்பை இடம் மாத்துறேன்" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் பாதி நாள் அதுதான் வேலை.

ஆசிரியர் வேர்டில் எழுதி அனுப்பும் கட்டுரையை முதலில் எக்ஸ்எம்எல் ஆக்குவோம். 1998இல் டபிள்யூ3சி வெளியிட்ட முறை அது. இது தலைப்பு, இது பத்தி, இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொரு துண்டையும் டேக் போட்டுச் சுற்றுகிறோம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றுவதால் மொத்தமும் ஒரு மரமாகிவிடுகிறது: கட்டுரைக்குள் உடல், உடலுக்குள் பிரிவு, பிரிவுக்குள் பத்தி. நாங்கள் பின்பற்றும் ஜாட்ஸ் என்ற டேக் தொகுதி, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தில் உருவானதிலிருந்து வளர்ந்தது, 2012இல் தரநிலையானது.

வேர்டிலிருந்து வரும் அடிக்குறிப்பு வாக்கியத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். இதழுக்கோ அது கட்டுரையின் கடைசியில் ஒரு தொகுப்பாக வேண்டும். பழைய இடத்தில் எண் மட்டும் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான பக்கங்களில் கையால் ஆகிற காரியமா? பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் என்ற நூலகத்தை வைத்துச் செய்கிறோம்.

எண்ணுக்கான புது உறுப்பை உருவாக்குவது ஒரு வரி. உருவாக்கியதும் அது மரத்துக்கு வந்துவிடாது. ஏதாவதொரு தாய் உறுப்பின் கீழ் சேர்க்கும்வரை அந்தரத்தில்தான் இருக்கும். புதிதாக வருபவர்கள் ஃபைலைத் திறந்து அதைத் தேடுவது வழக்கம்.

இடம் மாற்ற எந்தக் கட்டளை என்றும் கேட்பார்கள். தனியாக ஒன்று கிடையாது. எல்எக்ஸ்எம்எல் மரத்தில் ஓர் உறுப்புக்கு ஒரே தாய்தான். ஏற்கெனவே மரத்தில் இருப்பதை எடுத்து இன்னொரு இடத்தில் 'அப்பெண்ட்' செய்தால், பழைய இடத்திலிருந்து தானாகக் கழன்றுவிடும். இரண்டு இடத்திலும் வேண்டுமென்றால் நகல் எடுத்தாக வேண்டும். பைத்தானோடு கூடவே வரும் எலிமென்ட்ட்ரீ இதில் வேறு மாதிரி. அங்கே உறுப்புக்குத் தன் தாய் யாரென்றே தெரியாது. அதே வரியை எழுதினால் குறிப்பு இரண்டு இடத்திலும் அச்சாகும்.

உண்மையான வில்லங்கம் வாலில் இருக்கிறது. "இம்மருந்து காய்ச்சலைக் குறைத்தது, ஆனால் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல" என்று ஒரு வாக்கியம். காற்புள்ளிக்குப் பிறகு அடிக்குறிப்பு. குறிப்பை அடுத்து வரும் "ஆனால் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல" என்ற பகுதியை எல்எக்ஸ்எம்எல் பத்தியின் சொத்தாகப் பார்ப்பதில்லை. குறிப்பின் 'டெய்ல்' என்று அதனோடு கட்டி வைத்திருக்கிறது. ரயிலில் ஒரு பெட்டியை இழுத்தால் பின்னால் கோத்த பெட்டியும் வருவதுபோல, குறிப்பை நகர்த்தினால் பாதி வாக்கியமும் கூடவே போகும். நகர்த்தும்போதாவது தப்பிக்கலாம், அடிக்குறிப்புத் தொகுப்புக்குள் வெறும் எழுத்து நிற்க ஜாட்ஸ் விதி இடம் தராததால் சோதனையில் பிழை காட்டும். குறிப்பை 'ரிமூவ்' செய்தால் ஒரு சத்தமும் வராது. மருந்து காய்ச்சலைக் குறைத்தது என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். விதிப்படி ஃபைல் சுத்தம்!

வாலை முதலில் அவிழ்த்து, எண்ணுக்கான புது உறுப்பில் கட்டிவிட்டு, அதன் பிறகே குறிப்பைத் தொட வேண்டும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே எழுத்தும் மரத்தில் தனிக் கணு. குறிப்பு போனாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவர்களுக்கு வேறு தொல்லை. பத்தியிலுள்ள குறிப்புகளை டேக் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைப்பது உயிருள்ள பட்டியல். ஒன்றை வெளியே எடுத்ததும் அது சுருங்கும். ஏழு குறிப்புகளை முதலிலிருந்து வரிசை எண்படி வெளியேற்றிப் பாருங்கள், 2, 4, 6 பத்தியிலேயே தங்கிவிடும். கடைசியிலிருந்து எடுத்தால் எதுவும் தங்காது, ஆனால் தொகுப்பில் வரிசை தலைகீழாகும். பட்டியலை முதலில் நகலெடுத்துக்கொள்வதே என் கட்சி.

பிழைதிருத்திய பழக்கம் எங்கே போகும்? ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்னும் பின்னும், குறிப்புகளையும் எண்களையும் ஒதுக்கிவிட்டு, மிச்ச எழுத்தை மட்டும் உருவி ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சிறு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ஓர் இடைவெளி கூடினாலும் ஃபைலை நிறுத்திவிடும். நைட் ஷிஃப்ட் பையன்கள் திட்டத்தான் செய்கிறார்கள்.